முதலில் எர்த், பிறகு இன்டர்ஃபேஸ்

ஒலிப்பதிவுக் கூடம் அமைக்கப் போகிறேன் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு. பாடுகிற இடத்துக்கும் பதிவு செய்கிற இடத்துக்கும் நடுவே எத்தனை மீட்டர்? இரண்டும் ஒரே கட்டடமா? இரண்டுக்கும் ஒரே எர்த்தா? இது தெரிந்த பிறகுதான் பெட்டியைப் பற்றிப் பேச முடியும். நெட்வொர்க்கில் ஓடும் ஆடியோவுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே தொல்லை ஒலியிலிருந்து வருவது அபூர்வம். அடியில் இருக்கும் வலையிலிருந்துதான் வரும். வலையைத் தனியாக, பொறுமையாகக் கட்டி முடித்துவிட்டு அதன்மேல் ஒலியை ஏற்ற வேண்டும். குப்பனூரில் ஒரு நண்பருக்குக் கூடம் அமைத்துக் கொடுத்தபோது இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

குப்பனூர் சேர்வராயன் மலையின் காலடியில் இருக்கிறது. சேலத்திலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காடு ஏறும் இரண்டாவது பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பெரிய சாலையில் மண் சரிந்தால் வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பி விடுவார்கள். நண்பருடைய இடம் ஒரு மாந்தோப்பு. முன்னால் பழைய ஓட்டு வீடு, அதுதான் கன்ட்ரோல் ரூம். தோப்பைத் தாண்டிப் பின்னால் ஒரு ஹால். தெருக்கூத்து, பம்பை, உடுக்கைப்பாட்டு என்று அந்தப் பக்கத்துக் கலைஞர்களை அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நல்ல தரத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு பம்பைக் குழுவைச் சென்னைக்கு அழைத்துப்போய் ஒரு நாள் பதிவு செய்கிற செலவை நினைத்தால் அந்த ஆசையின் நியாயம் புரியும்.

வீட்டுக்கும் ஹாலுக்கும் நடுவே சுமார் 60 மீட்டர். சாதாரண யூஎஸ்பி கேபிள் 5 மீட்டரோடு நின்றுவிடும். பழைய முறைப்படி மல்டிகோர் இழுக்கலாம். ஆனால் அத்தனை நீளத்துக்கு நல்ல மல்டிகோரின் விலையும் எடையும் தாங்காது. மைக்கிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை அவ்வளவு தூரம் செம்பில் கொண்டுவந்தால் ஹம்மும் சேர்ந்தே வரும். அதனால் ப்ரீஆம்ப்களை ஹாலிலேயே வைத்து, அங்கேயே டிஜிட்டலாக மாற்றி, நெட்வொர்க் வழியாக வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம். எடுத்துக்கொண்டது டான்டே. ஆஸ்திரேலியாவில் 2006-ல் தொடங்கிய ஆடினேட் நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. இன்று மிக்சர், ப்ரீஆம்ப், ஸ்பீக்கர் என்று பல கம்பெனிகளின் கருவிகள் இதைப் பேசுகின்றன. ராவென்னா, ஏவிபி என்று வேறு முறைகளும் உண்டு. வெவ்வேறு முறைகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 2013-ல் ஏஇஎஸ்67 என்ற பொது விதியும் வந்தது. ஆனால் சிறிய கூடத்தில் இரண்டு முறைகளைக் கலக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இடியில் தொடங்குகிறேன். சேலத்துக்காரர்களுக்குக் கோடை மழையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் மதியம் வரை வெயில் கொளுத்தும், மாலையில் மலைப்பக்கம் கறுத்து இடியோடு கொட்டும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி போட்டால், அருகில் எங்கே மின்னல் விழுந்தாலும் அந்தக் கம்பி வழியாக மின்னழுத்தம் பாய இடம் கொடுத்தது போலாகும். மரத்தில் விழுந்த மின்னல் ஸ்விட்ச், இன்டர்ஃபேஸ், கணினி என்று வரிசையாகக் கருக்கிவிடும். அதனால் கட்டடத்துக்குள் செம்பு, கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. வீட்டின் எர்த்தும் ஹாலின் எர்த்தும் வேறு வேறாக இருந்தால் வரும் ஹம்மும் இதே வேலையில் ஒழிந்துவிடும்.

ஃபைபர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடையில் "ஆர்மர்டு போடுங்க சார், எலி கடிக்காது" என்பார்கள். அந்தக் கவசம் இரும்பு. சில ட்ராப் கேபிள்களில் இழுவைக்காக உள்ளே எஃகுக் கம்பி ஓடும். இழை கண்ணாடியாக இருந்தாலும் இடி அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். உலோகமே இல்லாத, எஃப்ஆர்பி தாங்கி வைத்த கேபிளைக் கேட்டு வாங்க வேண்டும். எலிக்கும் அணிலுக்கும் குரங்குக்கும் பிவிசி பைப்பில் விட்டு மண்ணில் புதைப்பதுதான் வழி. மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட வேண்டாம். முனையில் கனெக்டர் வைக்கப் பெரிய ஆளைத் தேட வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் பிராட்பேண்ட் கொடுக்கும் கேபிள்காரரிடம் ஸ்ப்லைஸிங் மெஷின் இருக்கும். கூடுதலாக இரண்டு இழைகளையும் சேர்த்து முனை வைத்து விடச் சொல்லுங்கள். பின்னால் ஒன்று போனால் மண்ணைத் தோண்ட வேண்டியிருக்காது.

கட்டடத்துக்குள் ஓடும் செம்புக் கேபிளில் ஒரே எச்சரிக்கைதான். விலை குறைந்த கேட்6 பலவற்றில் இருப்பது செம்பு பூசிய அலுமினியம். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும். முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். சிசிடிவிக்கு எப்படியோ ஓடிவிடும், ஒலிக்கு ஆகாது.

ஸ்விட்ச் விஷயத்தில்தான் பெரும்பாலான கூடங்கள் அவதிப்படுகின்றன. கிகாபிட் ஸ்விட்ச் என்றால் போதும் என்று நினைக்கிறார்கள். வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் நான்கு சேனல் கொண்ட ஒரு ஓட்டத்துக்கு ஏறத்தாழ 6 மெகாபிட்தான் ஆகும். 32 சேனல் போனாலும் 50 மெகாபிட்டைத் தொடாது. தேவைப்படுவது நேரம் தவறாமை. மின்சாரம் மிச்சப்படுத்த ஸ்விட்சுகளில் ஈஈஈ என்ற வசதி இருக்கிறது. வேலை குறைவாக இருக்கும்போது போர்ட்டைக் கண்ணயர விடும், பாக்கெட் வந்தால் எழுப்பும். அந்த எழுப்புகிற இடைவெளியில் க்ளாக் தடுமாறும். சாதாரண ஸ்விட்சில் இதை அணைக்க வழியே இருக்காது. அதனால் அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கி, வந்த அன்றே ஈஈஈ-யை அணையுங்கள். முன்னுரிமை கொடுக்கும் க்யூஓஎஸ் இருந்தால், டிஎஸ்சிபி 56 குறி போட்ட க்ளாக் பாக்கெட்டுக்கு முதலிடம், 46 குறி போட்ட ஒலிக்கு அடுத்த இடம். ஃபைபரை ஸ்விட்சின் எஸ்எஃப்பி துளையிலேயே செருகுவது நல்லது. மலிவான மீடியா கன்வெர்ட்டர்களில் பல 100 மெகாபிட்டோடு நின்றுவிடும்.

இன்னொரு சிக்கல் இதைவிடக் குழப்பும். எல்லாம் சரியாக ஓடும். நாலு நிமிடம் கழித்துத் திடீரென்று சத்தம் அறுந்துபோகும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் மறுபடி ஓடும், மறுபடி நாலு நிமிடம். கேபிளைச் சந்தேகிப்பார்கள், பெட்டியைச் சந்தேகிப்பார்கள். காரணம் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். எல்லோருக்கும் பொதுவாக ஒலிபரப்பாகிற பாக்கெட்டை, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் கொடுக்கும் ஏற்பாடு அது. "இன்னும் வேண்டுமா?" என்று அவ்வப்போது கேட்க வலையில் ஒரு க்வெரியர் இருக்க வேண்டும். கேட்க யாரும் இல்லையென்றால் கெடு முடிந்ததும், வழக்கமாக அது 260 விநாடி, ஸ்விட்ச் பட்டியலை அழித்துவிடும். க்ளாக்கும் இந்தப் பொதுப் பாக்கெட்டில்தான் வருகிறது என்பதால் க்ளாக் அறுபடும். சிறிய கூடத்தில் ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடலாம். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு ஸ்விட்சில் க்வெரியரை இயக்குங்கள்.

இணையம் வரும் ரவுட்டரை இந்த ஸ்விட்சில் செருகவே கூடாது. சேலத்தில் ஒரு கூடத்தில் டேக் நடுவே அவ்வப்போது "டிக்" என்று விழுந்துகொண்டிருந்தது. மைக்கை மாற்றி, ப்ரீஆம்பை மாற்றிக் கடைசியில் பார்த்தால், மாடியில் இருந்த கேமராக்கள் எல்லாம் அதே ஸ்விட்ச் வழியாகப் பேசிக்கொண்டிருந்தன. ஒலிக்குத் தனி வலை. கணினிக்கு இணையம் வேண்டுமென்றால் வைஃபையிலோ இன்னொரு போர்ட்டிலோ எடுத்துக்கொள்ளலாம். இணைப்புகளைப் போடும் டான்டே கன்ட்ரோலர் மென்பொருளில் கம்பி போர்ட்டைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று ஒரு முறை பாருங்கள். ஐபி முகவரியைப் பற்றிக் கவலை வேண்டாம். ரவுட்டர் இல்லாத வலையில் கருவிகள் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாங்களே போட்டுக்கொள்ளும்.

இனி க்ளாக். கூத்து பார்த்தவர்களுக்கு இது எளிது. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை எல்லாம் தத்தம் வழியில் போனாலும் ஜால்ரா ஒன்றைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். வலையிலும் ஒரு கருவி ஜால்ரா போடும், மற்றவை பின்தொடரும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் 21 மைக்ரோவிநாடிகூட இல்லை. அதற்குள் எல்லாக் கருவியும் ஒத்துப்போக வேண்டும். தலைமை யார் என்பதைக் கருவிகள் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும். ஆனால் அதை அவற்றிடம் விட்டுவிடாமல், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஹால் ப்ரீஆம்பை விருப்பத் தலைமையாகக் குறித்துவிடுவது என் பழக்கம். யாராவது விருந்தாளி ஒரு பெட்டியைச் செருகிப் பிடுங்கும்போது தலைமை மாறாது. கணினியில் ஓடும் டான்டே விர்ச்சுவல் சவுண்ட்கார்டு மட்டும் வைத்துக் கூடம் நடத்த முடியாது. க்ளாக் கொடுக்க ஒரு நிஜக் கருவி வேண்டும். எல்லாக் கருவியிலும் ஒரே சாம்பிள் ரேட் இருக்க வேண்டும். படத்துக்கும் போகக்கூடிய வேலை என்பதால் நாங்கள் 48-ல் வைத்தோம்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பெரிய சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்டுடியோவிலிருந்துதான் 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' வந்தது, 1956-ல் வண்ணத்தில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. 'பாலன்' காலத்தில் ஒலியை ஒளியாக மாற்றி ஃபிலிமின் ஓரத்தில் பதித்தார்கள். பாடுகிறவரையும் வாசிக்கிறவர்களையும் மைக்குக்கு முன்னால் தள்ளியும் நெருக்கியும் நிற்க வைத்துத்தான் கலவையே. இத்தனை பெரிய ஒலி மரபு இருந்த மாவட்டத்தில் ஒரு கூத்து வாத்தியார் தம் குரலைப் பதிய வெளியூர் போக வேண்டியிருக்கிறதே என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. குப்பனூர் வேலையில் நான் கூடுதலாக மெனக்கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கலைஞர்களுக்கு இந்த வலையில் படும் ஒரே விஷயம் லேட்டன்சி. முதல் சோதனைப் பதிவில் பம்பைக்காரர் ஒருவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் அடிச்சதுக்கு அப்புறம் இன்னொருத்தன் அடிக்கிறான்." அது வலையின் குற்றம் இல்லை. வலையில் நாங்கள் வைத்திருந்தது 1 மில்லிவிநாடி. அந்த நேரத்தில் காற்றில் ஒலி 34 சென்டிமீட்டர்தான் போகும். மைக்கை அவ்வளவு தள்ளி வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தாமதம் வந்தது கணினி வழியாகச் சுற்றியதில். பஃபர் 256 என்றால் உள்ளே போக 5 மில்லிவிநாடிக்கு மேல், வெளியே வர அதே அளவு. விர்ச்சுவல் சவுண்ட்கார்டு தன் பங்குக்கு 4, 6 அல்லது 10 சேர்க்கும். தோல் கருவி வாசிக்கிறவர் காதுக்கு இது பளிச்சென்று தெரியும். நெட்வொர்க் ஆடியோவின் பெரிய வசதி இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரே மைக்கை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பலாம். ப்ரீஆம்பிலிருந்து கணினிக்கு ஒன்று, கணினியைத் தொடாமல் நேரே ஹெட்ஃபோன் மிக்சருக்கு ஒன்று. அப்படி மாற்றிக் கொடுத்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த டேக்கை முழுசாக வாசித்தார். பாடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தன் தலைக்குள் எலும்பு வழியாகக் கேட்கும் குரலும் ஹெட்ஃபோனில் தாமதமாக வரும் குரலும் மோதினால் குரலின் நிறமே மாறிக் கேட்கும். அவர்கள் சுருதியைச் சந்தேகிக்கத் தொடங்குவார்கள்.

கருவிகளுக்கும் சேனல்களுக்கும் முதல் நாளே பெயர் வையுங்கள். டான்டேயில் இணைப்பு பெயரை வைத்துத்தான் நிற்கிறது. பின்னால் பெயர் மாற்றினால் பேட்ச் எல்லாம் அறுந்துவிடும். இதிலேயே ஒரு நன்மையும் இருக்கிறது. ஒரு பெட்டி பழுதானால், அதே மாதிரி இன்னொன்றை அதே பெயரில் வைத்தால் இணைப்புகள் தாமே திரும்ப வந்துவிடும். கருவிப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டுமே செல்லும். ஆகவே ராக்கில் தமிழில் எழுதி ஒட்டிவிட்டோம்: பம்பை 1, பம்பை 2, உடுக்கை, வாத்தியார். ஹாலில் உதவிக்கு இருக்கும் பையனுக்கு அதுதான் வசதி.

கரண்ட் விஷயத்தில் எல்லோரும் கணினிக்கு யூபிஎஸ் வாங்குவார்கள், ஸ்விட்சை மறந்துவிடுவார்கள். ஒரு விநாடி கரண்ட் போய் வந்தால் மேனேஜ்டு ஸ்விட்ச் மறுபடி எழுந்திருக்க ஒரு நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் நல்ல டேக் போய்விடும். ஆன்லைன் யூபிஎஸ் இரண்டு, ஒன்று வீட்டில், ஒன்று ஹாலில். முதலில் ஸ்விட்சையும் ப்ரீஆம்பையும் அதில் செருகுங்கள். இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனியே எர்த் குழியைப் புதிதாகப் போட்டு, எலெக்ட்ரீஷியனை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கோடையில் மண் காய்ந்ததும் மறுபடி அளக்க வேண்டும். ஃபைபர் இழை கட்டடங்களுக்கு நடுவே காக்கும். இபி லைன் வழியாக வரும் இடிக்கு மெயின் போர்டில் சர்ஜ் தடுப்பு தனியாக வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் உடனே பதிவுக்கு ஆள் கூப்பிட வேண்டாம். எல்லாச் சேனலையும் இணைத்து ஒரு இரவு முழுக்க ஓட விட்டு, காலையில் கன்ட்ரோலரின் லேட்டன்சி பக்கத்தைப் பாருங்கள். தாமதமாக வந்த பாக்கெட் ஒன்றாவது இருந்தால் அமைப்பை 2 மில்லிவிநாடிக்கு உயர்த்திக் கடந்துபோகாமல், எந்தக் கருவியில் என்று தேடிக் கேபிளிலோ ஸ்விட்சிலோ காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு பேட்ச் முழுவதையும் ப்ரீசெட்டாகச் சேமித்து, ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு ராக்கிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.