வெந்நீர்க் குழாயில் படியும் காரை

பேச்சிப்பாறை அணையின் நீரைப் பல நாள் காய்ச்சினாலும் பாத்திரத்தில் வெண்மைப் படிவு அதிகம் காண்பதில்லை. அது மலைப்பாறைகளின் மேல் ஓடிவரும் மழைநீர். கடலோரத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் அவ்வாறன்று. பாத்திரத்தில் உப்புப் படிந்துவிட்டது என்று அங்குள்ளோர் கூறுவர். உண்மையில் அது பெரும்பாலும் சுண்ணக் காரையே.

இது அற்ப விஷயமன்று. கடலோர ஊர் ஒன்றின் மாணவர் விடுதியில் அமைத்த சூரிய வெந்நீர்க் கருவி, இரண்டாண்டுக்குள் குழாய் அடைபட்டுப் பயனற்றுப் போயிற்று. மதிப்பீட்டில் ஒப்பமிட்டவன் நானே. கிணற்று நீரைச் சோதிக்க வேண்டுமென்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பூமியின் வெப்பத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையங்களில் இதே இடையூறு பன்மடங்கு பெரிதாக நேர்கிறது.

காரணம் யாதெனில், மண்ணில் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு சுண்ணப் பாறையைக் கரைக்கிறது. நிலத்தின் ஆழத்தில் அழுத்தம் மிகுதியாதலால் வாயு நீருக்குள் அடங்கியிருக்கும். ஆழ்துளைக் கிணற்றின் வழியே கொதிநீர் மேலெழும்போது அழுத்தம் குறைகிறது. சோடாப் புட்டியின் கோலியை அமுக்கியதும் பொங்குவதைக் கண்டிருக்கிறோமன்றோ? அவ்வாறே வாயு வெளியேற, சுண்ணம் பிரிந்து குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது. 1984-ல் இயங்கத் தொடங்கிய துருக்கியின் கிசில்தெரே நிலையத்தில் கிணறுகள் இவ்வாறு குறுகிப்போக, அவ்வப்போது துளைக்கருவியை இறக்கிக் குடைந்தெடுக்க நேர்ந்தது. வாயு பிரியும் இடத்துக்குக் கீழே, மெல்லிய குழாய் வழியாகக் காரை தடுக்கும் மருந்தைச் செலுத்தும் முறை பின்னர் கைக்கொள்ளப்பட்டது.

மணற்சத்தாகிய சிலிக்காவின் குணம் வேறு. அது கொதிநீரில் மிகுதியாகக் கரைந்து, நீர் ஆறும்போது படியும். நியூசிலாந்தில் 1958-ல் தொடங்கிய வைரக்கெய் நிலையத்தின் கழிவுநீர்க் கால்வாய்களில் இது படிந்தது.

நம் நாட்டில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி வெண்காரமும் கந்தகமும் நிலத்தில் படிந்துள்ளன. அங்கே மின்சாரம் எடுப்பதற்கென 2021-ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அத்தகைய இடத்தில் நீரின் குணத்தை அறிந்த பின்னரே குழாயைத் திட்டமிடுதல் வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்க சோதனை எளிது. காரையின் மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுக. நுரைத்தால் அது சுண்ணம். வினிகர் என்னும் காடியை நீரில் கலந்து ஊற்றிக் கரைக்கலாம். நுரைக்காத காரை அவ்வளவு எளிதில் இளகாது.

விடுதிக் குழாயிலிருந்து தட்டியெடுத்த காரை நன்றாகவே நுரைத்தது. ஆனால் குழாய் முழுதும் அடைபட்டபின் காடி உட்செல்ல வழியேது? புதிய மதிப்பீட்டில் நீர்ச் சோதனைக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவதற்கும் தனித்தனியே தொகை சேர்த்துள்ளோம்.