சிமென்ட் மட்டும் வேண்டாம், மகளே



புதுச்சேரி துய்மா வீதியில் பழைய வீடு கிரயமான செய்தியை உன் அப்பா சொன்னான். மனம் நிறைந்த ஆசி.

பழுதுபார்க்கும்போது மேஸ்திரி சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதே. வெளிச்சுவரில் சிமென்ட் படவே கூடாது. சுண்ணாம்புக் காரையில் எழும்பிய சுவர் அது. கடல் கூப்பிடு தூரம். அடியிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, செங்கல் உப்புப் பூத்து உதிரும். அப்படிப்பட்ட சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்திருக்கிறேன்; மாவாகக் கொட்டியது. நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பில் விசாரி. கூலி கூடும், நாளும் இழுக்கும். பொறுத்துக்கொள்.

மேலே மெட்ராஸ் டெரஸ். மரக் கட்டைகளின் மேல் செங்கல்லை நெட்டாக அடுக்கிய தளம். அதில் தண்ணீர் தேங்கினால் கட்டை உளுத்துப்போகும். ஐப்பசி பிறக்கும் முன் மழைநீர்க் குழாய்ச் சருகுகளை நீயே ஏறி நின்று எடுக்கச் சொல். பீச் ரோட்டில் பழைய நகர மண்டபமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது நினைவிருக்கிறதா? நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. கவனிப்பார் இல்லாமல்தான் போனது.

வீட்டோடு ஊரின் கதையையும் தெரிந்துகொள். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். 1765 முதல் மறுபடி எழும்பியது. உன் தெருவின் பிரெஞ்சுப் பாணி வளைவுகளில் உள்ளூர்க் கொத்தனார்களின் கை இருக்கிறது. ஆகவே பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் ஊர், மேற்கே தமிழர் ஊர் என்று பிரித்து வாழாதே. காய்கறிக்குப் பெரிய மார்க்கெட்டுக்குப் போ. திண்ணையும் தாழ்வாரமும் வைத்த வைசியாள் வீதி வீடுகளை நின்று பார். 2008இல் யுனெஸ்கோ விருது பெற்ற தெரு.

காகிதப்பூ நிழலில், உன் வாசற்படியிலேயே நின்று சுற்றுலாப் பயணிகள் படமெடுப்பார்கள். கோபம் வரும். ஆனாலும் அந்த முகப்பு ஊருக்கும் சொந்தம். நாய் ஜாக்கிரதை பலகை வேண்டாம்.

விடுதிக்கு விடச் சொல்லி ஆட்கள் வருவார்கள், பெரிய தொகை சொல்வார்கள். கொடுத்துவிடாதே அம்மா. வீடுகளெல்லாம் அறை வாடகைக்குப் போய்விட்டால், ஒரு முதியவர் இரவில் தடுமாறி விழுந்தால் ஓடிவர அந்தத் தெருவில் யார் இருப்பார்கள்? முதல் வாரத்திலேயே இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி அறிமுகம் செய்துகொள்.

பூச்சு வேலை தொடங்கும் தேதியை எழுது. வந்து பார்க்கிறேன்.

உன் பெரியப்பா