எழுத்துத் தடுமாற்றம்: பெற்றோர் அறிய வேண்டிய அடையாளங்கள்

பேச்சில் சுட்டி, கைவேலையில் கெட்டி; ஆனால் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாய் திறப்பதில்லை. இத்தகைய பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் உண்டு. இவர்களை 'மக்கு' என்றும் 'சோம்பேறி' என்றும் ஏசுவது நம்மிடையே நெடுங்காலப் பழக்கம். படிப்பு ஏறாது என்று முடிவுகட்டிப் பால்வாளியைக் கையில் கொடுத்ததும் உண்டு. அப்பிள்ளைகளுள் சிலருக்கு இருப்பது 'டிஸ்லெக்சியா' எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம்.

இஃது அறிவுக் குறைவன்று. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் இடர்ப்பாடே ஆகும். 1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், கணக்கில் தேர்ந்திருந்தும் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் அவனே பள்ளியில் முதல்வனாவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

அடையாளங்கள்

புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் சேரும் பிள்ளை, தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளைக் கற்கிறது. குறைபாடுள்ள பிள்ளை மூன்றிலும் தடுமாறும். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

1. நேற்றுக் கற்ற எழுத்தை இன்று மறத்தல். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் வெவ்வேறாக வாசித்தல்.
2. எழுத்தை இடம் மாற்றுதல். 'பலகை' என்பது 'பகலை' ஆகும். மலாயில் புத்தகத்தைக் குறிக்கும் 'புக்கு', பழத்தைக் குறிக்கும் 'டூக்கு' ஆகிவிடும்.
3. கரும்பலகையைப் பார்த்து எழுத நெடுநேரம் எடுத்தல், வரி தவறுதல்.
4. கிழமைகளை வரிசையாகச் சொல்ல இயலாமை.
5. பள்ளி நாள்களில் மட்டும் வயிற்றுவலி என்று அழுதல்.

குடும்பத்தில் வேறொருவர்க்கும் இத்தடுமாற்றம் இருந்திருப்பின், கூடுதல் கவனம் தேவை.

ஆயினும் அவசரப்படலாகாது. ல, ள, ழ மயக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஏழு வயதுவரை எழுத்தைத் திருப்பி எழுதுவதும் இயல்பே. பல அடையாளங்கள் சேர்ந்து, மாதக்கணக்கில் நீடித்தால்தான் ஐயுற வேண்டும். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

வகுப்பாசிரியரை அணுகிப் பேசுங்கள். இக்குறைபாட்டைக் கண்டறியக் கல்வி அமைச்சு சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வகுத்துள்ளது. பின்னர் அரசாங்கச் சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டினால், அவர் தேவைப்படின் மருத்துவமனை நிபுணரிடம் அனுப்புவார். குறைபாடு உறுதியானால், சமூக நல இலாகாவில் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் பதிந்துகொள்ளலாம். இப்பதிவு இழிவன்று, 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தரும் உரிமை. சிறப்புக் கல்வி வகுப்பில் சேரவும் இது துணைபுரியும்.

இதற்கு மருந்தில்லை, பயிற்சியே வழி. பால் எடைபோட்டு வீடு திரும்பியபின், நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளையுடன் அமருங்கள். மணலில் விரலால் ஓர் எழுத்தை எழுதச் செய்து, அதன் ஒலியை உரக்கச் சொல்லச் செய்யுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோரும் ஆசிரியரிடமோ மூத்த பிள்ளையிடமோ அந்த ஓர் எழுத்தைக் கேட்டறிந்து இதனைச் செய்யலாம்.

பிரம்பு எழுத்தைக் கற்பிக்காது, அச்சத்தையே கற்பிக்கும். தடுமாற்றத்தை எவ்வளவு விரைவில் அறிகிறோமோ, அவ்வளவுக்குப் பிள்ளையின் படிப்பு காப்பாற்றப்படும்.