பிளக் சுடுகிறதா? ஒரு வகுத்தல் போடுங்கள்

அயர்ன் பாக்ஸ், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகும் வீடுகள் ஏராளம். பிளக் கருகிய பிறகு எலக்ட்ரீஷியனைத் தேடுவதைவிட, முன்கூட்டியே கணக்குப் பார்ப்பது நல்லது.

1. சாதனத்தின் மேல் போட்டிருக்கும் வாட் அளவை வீட்டு வோல்டேஜான 230ஆல் வகுங்கள். அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்கு சுமார் 4.35, 2000 வாட் கீசருக்கு 8.7.

2. 6 ஆம்பியர் சாக்கெட்டில் மொத்தம் 1380 வாட்டைத் தாண்டாதீர்கள். 230 வோல்ட்டை 6ஆல் பெருக்கினால் அவ்வளவுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு சாக்கெட் இருந்தாலும் உள்ளே வருவது ஒரே ஒயர்தான். 1500 வாட் கெட்டிலுக்கே 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும்.

3. ஆடுகிற பிளக்கையும் தளர்ந்த சாக்கெட்டையும் உடனே மாற்றுங்கள். இதைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். அந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே, 8.7 ஆம்பியர் ஓடும்போது சுமார் 38 வாட் வெப்பம் பிறக்கும் (ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, தடையால் பெருக்குங்கள்). சாலிடரிங் அயர்னை சுவருக்குள் வைத்தது போல!

4. அயர்ன் பாக்ஸ் சூடேறத் தாமதமானால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 1000 வாட் பெட்டிக்கு, 230ஐ 4.35ஆல் வகுத்தால் அதன் தடை, சுமார் 53 ஓம். அது பெரிதாக மாறாது. 190 வோல்ட்தான் வருகிறதென்றால், 190 × 190 ÷ 53 = சுமார் 680 வாட். பழுது பெட்டியில் இல்லை.

5. மல்டிமீட்டரால் தடையை அளக்கும் முன் பிளக்கைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது அளந்தால் மீட்டர் கெடும், உயிருக்கும் ஆபத்து.