தீநீர் இறக்கச் செம்பு வாலை: தகட்டில் நாமே செய்யலாமா?

கேள்வி: தகரப் பட்டறை வைத்திருக்கிறேன். வாளி, அரிசி டிரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்வேன். எங்கள் ஊர்ச் சித்த வைத்தியர், ஓமத் தீநீர் இறக்க 20 லிட்டர் அளவில் ஒரு செம்பு வாலை செய்து தரச் சொல்கிறார். செம்புத் தகட்டில் எனக்குப் பழக்கமில்லை. அளவு, கனம், பற்றவைப்பு பற்றிச் சொல்லுங்கள். – ஒரு வாசகர், தேனி

பதில்: தாராளமாகச் செய்யலாம். தகரத்தில் கை பழகியவருக்கு இது எட்டாத வேலை இல்லை. ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, சாராயம் காய்ச்சுவது மட்டுமல்ல, காய்ச்சுவதற்கென்று பாத்திரம் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே எதற்காகச் செய்யச் சொல்கிறார் என்பதை வைத்தியரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தகடு 1 மி.மீ. கனம் போதும். 30 செ.மீ. விட்டம், 30 செ.மீ. உயரம் வைத்தால் பாத்திரம் சுமார் 21 லிட்டர் கொள்ளும். சுற்றளவு 94.2 செ.மீ.; ஓரம் 1 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும் என்பதால் 95.2 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அடிக்கு 32 செ.மீ. வட்டம் வெட்டி, ஓரத்தைச் சுற்றிலும் 1 செ.மீ. மேல்நோக்கி மடக்கிப் பொருத்தலாம்.

பலரும் தகட்டை வீணாக்குவது மூடியின் கூம்பில்தான். அடி விட்டம் 30, மேல் வாய் 5, உயரம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாய்வு நீளம் 17.3 செ.மீ. வரும். தகட்டில் ஒரே மையத்திலிருந்து 20.8 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டமும் 3.5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டமும் போடுங்கள். அதில் 260 பாகைக்குக் கோடு கிழித்து, பற்றவைக்க ஓரத்தில் 1 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டிச் சுருட்டினால் கூம்பு சரியாக வந்து உட்காரும். முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்துவிடுங்கள். செம்பு விலைக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிதில்லை.

தகரத்துக்கும் செம்புக்கும் உள்ள பெரிய வித்தியாசம், அடிக்க அடிக்கச் செம்பு விறைத்துக்கொள்ளும். விறைத்த பிறகும் ஓரத்தை மடக்கினால் கீறல் விடும். சுத்தியல் துள்ளத் தொடங்கியதுமே நிறுத்தி, மங்கிய சிவப்பு தெரியும்வரை காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து எடுங்கள். எஃகை இப்படித் தோய்த்தால் இறுகும், செம்பு இளகிவிடும். மேலே படியும் கறுப்பைப் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். கொட்டாப்புளியால் அடியுங்கள், இரும்புச் சுத்தியல் தகட்டில் தழும்பு விடும்.

பற்றவைப்பில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம். காரீயம் கலந்த பற்று மருந்துப் பாத்திரத்துக்குள் வரவே கூடாது. ஏ.சி. மெக்கானிக்குகள் குழாய் ஒட்டப் பயன்படுத்தும் பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பியால் எல்லா மூட்டுகளையும் பற்றவைத்துவிட்டு, கடைசியில் உள்பக்கம் முழுக்கச் சுத்தமான வெள்ளீயம் பூசுங்கள். வரிசை மாறினால் பூச்சு உருகி ஓடிவிடும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும். அடுப்பில் பாத்திரம் வற்றிக் காய்ந்தாலும் இதே கதிதான், வைத்தியரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: குளிர்விக்கும் சுருளை எப்படிச் செய்வது? ஒரு வாளித் தண்ணீர் போதுமா?

பதில்: போதாது. நீராவி தண்ணீராக மாறும்போது ஏராளமான வெப்பத்தை வெளிவிடும். ஒரு லிட்டர் தீநீர் இறங்குவதற்குள் 30 லிட்டர் தண்ணீர் சுமார் 20 டிகிரி சூடேறிவிடும். எனவே தொட்டியின் அடியில் குளிர்ந்த நீர் நுழைந்து, மேலே சூடான நீர் வழிந்து போகும்படி அமையுங்கள்.

சுருளுக்கு அரை அங்குல ஏ.சி. செம்புக் குழாய் 3 மீட்டர் வாங்குங்கள். வளைக்கும் முன் காய்ந்த மெல்லிய மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையையும் அடைத்துவிட்டுச் சுற்றினால் குழாய் நசுங்காது. பிறகு மணல் ஒரு துளியும் தங்காமல் கழுவுங்கள். மூடியின் 5 செ.மீ. வாயிலிருந்து சுருளின் கடைசி வரை குழாய் கீழ்நோக்கியே சரிந்து வர வேண்டும். நடுவில் எங்கே பள்ளம் விழுந்தாலும் நீர் தேங்கி ஆவியை மறிக்கும்.

வாலையில் எனக்குள்ள ஒரே பயம் அந்த அடைப்புதான். ஓமத்திலுள்ள தைமால் குளிர்ந்தால் உறையக்கூடியது, அதனால் சொட்டு நிற்கிறதா என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நின்றால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும். மூடியை போல்ட் போட்டு இறுக்கவே இறுக்காதீர்கள். பிசைந்த கோதுமை மாவால் ஓரத்தை அடைத்தால் போதும். அழுத்தம் ஏறினால் மாவு விட்டுக்கொடுத்து ஆவி வெளியேறும். ஓமம் அடிப்பிடிக்காமல் இருக்க, அடியிலிருந்து நாலு விரல் மேலே துளையிட்ட தட்டு ஒன்று வையுங்கள். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது.

கேள்வி: செம்புதான் வேண்டுமா? எவர்சில்வர் ஆகாதா?

பதில்: ஆகும். செம்புக்கு இவ்வளவு பேர் வந்தது மதுவடிப்பில்தான்; அங்கே கந்தக நாற்றத்தை அது பிடித்துக்கொள்ளும். ஓமத்துக்கு அந்த உதவி தேவையில்லை. வெப்பம் சீராகப் பரவுவதும், கையால் அடித்து உருவாக்க முடிவதும்தான் உங்களுக்கு லாபம். எலுமிச்சை போன்ற புளிப்புச் சரக்கை மட்டும் ஈயம் தேய்ந்த வாலையில் போடாதீர்கள், களிம்பு இறங்கும்.

வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரை ஒருமுறை வடித்துக் கொட்டிவிட்டுப் பிறகு ஓமத்தைப் போடச் சொல்லுங்கள். வைத்தியர் அந்தத் தீநீரைப் பாட்டிலில் அடைத்து விற்கப் போகிறார் என்றால், மருந்துத் தயாரிப்பு உரிமம் அவர் பெயரில் இருக்க வேண்டும்.