மிஸ்ஸி வரும்போது வீடு பூட்டியிருந்தால்...



சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம். டிஸ்பென்சரியை மூடப்போகிற நேரத்தில் ஒரு பாட்டி, பிறந்து ஐந்து நாளான பேரனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயா, புள்ள பாலே குடிக்க மாட்டேங்குது. எழுப்புனாலும் தூங்கிகிட்டே இருக்கு" என்றார். பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். உடனே வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிள்ளை பிழைத்தான். ஆனால் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கப் பல மாதம் அந்தத் தாய் பரிசோதனைக்கு அலைய வேண்டியிருந்தது.

இதிலே நடந்தது என்ன தெரியுமா? அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தபோது சுங்கை பூலோவில் கணவன் வீட்டு விலாசத்தைக் கிளினிக்கில் கொடுத்திருந்தாள். பிரசவம் ஆனதும், நம் வழக்கப்படி, தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். கிளினிக் மிஸ்ஸியோ கொடுத்த விலாசத்துக்கு இரண்டு தடவை போய், பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். மிஸ்ஸி மேல் தப்பில்லை. பிள்ளைத்தாய்ச்சி தாய் வீட்டுக்கு வந்ததும் தப்பில்லை. இடம் மாறினதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிரசவத்துக்குப் பிறகு அரசாங்கக் கிளினிக்கின் மிஸ்ஸிகள் வீடு தேடி வருவது நம் நாட்டில் வெகு காலமாக உள்ள நல்ல ஏற்பாடு. முதல் பத்து நாளில் பலமுறை வருவார்கள், பிறகும் வருவார்கள். தாய்க்கு ரத்தப்போக்கு, காய்ச்சல், பிரஷர், தையல் போட்ட இடம் எல்லாம் பார்ப்பார்கள். பிள்ளைக்குத் தொப்புள், எடை, முக்கியமாக மஞ்சள் காமாலை பார்ப்பார்கள்.

பிறந்த பிள்ளைகள் பலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் கொஞ்சம் மஞ்சள் வரும், தானாகவே இறங்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளே மஞ்சள் தெரிந்தால் அது ஆபத்து. முகத்தில் தொடங்கி நெஞ்சு, வயிறு, கால் என்று மஞ்சள் கீழே இறங்க இறங்க ரத்தத்தில் அளவு ஏறுகிறது என்று அர்த்தம். நம் பிள்ளைகள் மாநிறமாக இருப்பதால் சட்டென்று தெரியாது. பகல் வெளிச்சத்தில் விரலால் தோலை அழுத்தி எடுத்துப் பாருங்கள். அளவு மிஞ்சினால் மூளையைத் தாக்கும். காது போகலாம், கை கால் விளங்காமல் போகலாம். ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெயிலில் காட்டுவது அதற்கு வைத்தியம் ஆகாது. நாட்டு மருந்து புகட்டுவதும் வேண்டாம். பிள்ளைக்கு ஜி.சிக்ஸ்.பி.டி. குறை இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தால் துணிப் பெட்டியில் பாச்சை உருண்டை போடவே கூடாது. பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெட்டியைத் திறந்து பாருங்கள்!

சரி, மிஸ்ஸியை எப்படி வரவழைப்பது? ஏழாம் மாதமே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள், "பிரசவம் ஆனதும் எங்கம்மா வீட்டுல இருப்பேன்" என்று. அந்த வீட்டு விலாசம், போன் நம்பர் இரண்டையும் தாய் சேய் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டும்போதும் அதே விலாசத்தையே கொடுங்கள். தாய் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கிளினிக்கே உங்களைப் பார்க்கும். நீங்கள் வேறு இடத்தில் பதிந்திருந்தாலும் பரவாயில்லை. வீடு வந்த அன்றே அந்தக் கிளினிக்குக்குப் போன் போடுங்கள். மறுநாளும் யாரும் வரவில்லையா, காத்திருக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். சுங்கை பூலோ பக்கம் பழைய ரப்பர் நிலமெல்லாம் வீடமைப்பாக மாறிவிட்டது. நம்மவர்கள் பலர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். லயத்து நம்பர் சொன்ன காலம் போல் இல்லை. புளோக், மாடி, கதவு எண் மூன்றும் வேண்டும். நாயைக் கட்டிப் போடுங்கள். நாய்க்குப் பயந்து திரும்பிய மிஸ்ஸிகளை எனக்குத் தெரியும்.

இன்னொரு வீட்டு வருகையும் உண்டு. பக்கவாதம் வந்து படுக்கையில் கிடப்பவர்களை, டாக்டர் எழுதிக் கொடுத்தால், கிளினிக் ஆட்கள் வீட்டில் வந்து பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே கேளுங்கள். அவர்கள் வரும் நேரத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். புண் கட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, குழாயில் உணவு கொடுப்பது எல்லாம் அவருக்குத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

இனி தவணைக் கார்டு விஷயம். இனிப்பு நீர், பிரஷர்காரர்கள் "ஒரு நாள் பேர் போயிடும் ஐயா" என்று தவணையை விட்டுவிடுகிறார்கள். மருந்து தீர்ந்த பிறகு என்னிடம் வந்து நிற்கிறார்கள். போக முடியாவிட்டால் முன்கூட்டியே போன் போட்டு வேறு நாள் கேளுங்கள். மைசெஜாத்ராவில் தவணை எடுக்கும் கிளினிக்குகளும் உண்டு. பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தால் பார்த்துத் தருவார்கள்.

தவணைக்குப் போனால் பெரும்பாலும் நேரச் சீட்டுதான் கிடைக்கும். வேலை செய்ய முடியாத நோய் என்று டாக்டர் கண்டால்தான் எம்.சி. கொடுப்பார். ஆகவே தவணை நாளை மண்டோரிடமும் கிராணியிடமும் முந்தின வாரமே சொல்லி வையுங்கள். எம்.சி. கிடைத்தால், லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். எம்.சி. கையில் இருந்தும் தெரிவிக்காவிட்டால், அனுமதியில்லாமல் வேலைக்கு வராததாகவே கணக்கு. வருஷத்துக்கு இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 தனிக் கணக்கு. கொடுக்க மறுத்தால் கார்டையும் எம்.சி.யையும் எடுத்துக்கொண்டு சங்கக் கிளைக்குப் போங்கள். கார்டைத் தொலைத்துவிடாதீர்கள், வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள்.