திசு வளர்ப்பு: ஒரு மாணவன் திருத்திய பாடம்

திசு வளர்ப்புப் பாடத்தை நடத்தி முடித்த மறுநாள், மாணவன் ஒருவன் மரப்பட்டைத் துண்டோடு வகுப்புக்கு வந்தான். பட்டையில் பூத்த ஆர்க்கிட் ஒன்று ஒட்டியிருந்தது. மலையடிவாரத்தில் பெயர்த்தெடுத்தானாம்.

"ஏம்ப்பா பிடுங்கினே?" என்றேன்.

"ஒரு துண்டு இருந்தா ஆய்வகத்துல ஆயிரம் செடி உண்டாக்கலாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

பிழை அவனுடையதன்று. பாடத்தில் பாதியைத்தான் நான் சொல்லியிருந்தேன். அந்தச் செடியைப் பள்ளி வராந்தாவில் கட்டி வைத்தோம், கோடைக்குள் காய்ந்துவிட்டது. அதன் பிறகு இப்பாடத்தை நான்கு கேள்விகளாக நடத்துகிறேன்.

1. இத்தனை விதை இருந்தும் ஆர்க்கிட் ஏன் அரிதாகிறது?

ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் இலட்சக்கணக்கில் விதைகள் உண்டு. ஆனால் அவை தூசி போன்றவை. நெல், அவரை விதைகளைப் போல உணவுச் சேமிப்பு இல்லை. உரிய பூஞ்சை கிடைத்தால்தான் காட்டில் முளைக்கும். 1899இல் நோயல் பெர்னார் இந்த உறவைக் கண்டறிந்தார்.

2. ஆய்வகம் என்ன செய்கிறது?

பூஞ்சை தரும் உணவைக் குடுவையில் தருகிறது. சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த ஊடகத்தில் பூஞ்சையின்றியே விதை முளைக்கும் என்று 1922இல் லூயிஸ் நட்சன் காட்டினார். வெடிக்காத பச்சைக் காயின் மேற்புறத்தை நுண்ணுயிர் நீக்கம் செய்து, விதைகளை அகர் ஊடகத்தில் தூவுவார்கள். தாய்ச்செடி காட்டிலேயே இருக்கும்.

3. நகல் போதுமா?

தண்டு நுனியிலிருந்து வளர்ப்பவை ஒரே மரபமைப்பு உடையவை. வாழைத் தோட்டத்துக்கு அது நன்மை. காட்டுக்கு அப்படியல்ல, ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகச் சாயும். ஆகவே பாதுகாப்புக்கு, பல தாய்ச்செடிகளின் விதைகளிலிருந்து வளர்ப்பதே மேல்.

4. குடுவைக்குப் பிறகு?

குடுவை நாற்று வெளிக்காற்றுக்குப் பழக வேண்டும். காட்டில் அதற்கு ஏற்ற மரம், பூஞ்சை, மகரந்தம் சேர்க்கும் பூச்சி எல்லாம் வேண்டும். கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, அருகிவரும் ஆர்க்கிட்களை ஆய்வகத்தில் பெருக்கிக் காட்டிலும் நட்டுள்ளது. காடு இருந்தால்தான் அந்த உழைப்புக்குப் பொருள். அகத்தியமலைக்கே உரிய மஞ்சள் நிறப் பாபியோபெடிலம் துரூரி, அளவுக்கு மீறிச் சேகரிக்கப்பட்டதால் அழிவின் விளிம்புக்கு வந்தது. அதைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம்.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களை இரு குழுவாக்குங்கள். முதல் குழுவில் எல்லாருக்கும் 3 என்று எழுதிய சீட்டு. இரண்டாம் குழுவில் 1 முதல் 6 வரை கலந்த சீட்டுகள். இப்போது பகடையை உருட்டுங்கள். விழும் எண்தான் "நோய்". அந்த எண் வைத்திருப்போர் உட்கார வேண்டும். பல முறை உருட்டுங்கள். 3 விழும் வரை முதல் குழு அசையாது நிற்கும். விழுந்ததும் ஒருவர்கூட மிஞ்சமாட்டார். இரண்டாம் குழுவில் ஒவ்வொரு முறையும் சிலரே உட்காருவர். ஏன் என்பதை மாணவர்களே சொல்லட்டும்.

பள்ளிக்கு அருகிலுள்ள மா, புளிய மரங்களில் ஆர்க்கிட் இருந்தால் பூக்கும் மாதம், காய்க்கும் மாதம் ஆகியவற்றைக் குறித்து வரச் சொல்லுங்கள். தொடாமல் பார்ப்பது மட்டுமே விதி.

செடியோடு வந்த அந்த மாணவன்தான் அவ்வாண்டு எங்கள் பள்ளியின் பதிவேட்டை எழுதினான்.